ஆசிரியர் பக்கம்: பயப்படத் தெரிந்த விஞ்ஞானி



இந்த இதழ் உங்கள் கைக்கு வந்து சேரும்போது நம் பகுதிப் பள்ளிக்கூடங்களில் மாறுவேடப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்துகொண்டிருப்பார்கள். அக்டோபர் 15 கலாம் பிறந்த நாள். 2015 முதல் தமிழ்நாட்டில் இளைஞர் எழுச்சி நாள். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், ராமநாதபுரம் என்று எங்கே போனாலும் அன்றைக்கு நாலைந்து குட்டிக் கலாம்களைப் பார்க்கலாம். வெள்ளைச் சவுரியை நடுவகிடு எடுத்துக் காதை மூடச் சீவி, தொளதொளக் கோட்டு மாட்டி, மேடையேறி எல்லோரையும் கனவு காணச் சொல்லிவிட்டு, கைதட்டல் ஓய்வதற்குள் இறங்கி ஓடி அம்மாவின் மடியில் ஏறிக்கொள்ளும் கலாம்கள். எத்தனை வருஷம் பார்த்தாலும் சலிக்காது. எனக்கு ஒரே ஒரு குறைதான். மேடைக்கு வருகிற கலாம் எப்போதும் எழுபது வயதுக்காரராகவே இருக்கிறார். எல்லாவற்றையும் ஜெயித்து முடித்தவர். டேராடூனில் தோற்றுப்போய்க் கையில் பெட்டியோடு நின்ற இளைஞனின் வேடத்தில் இதுவரை ஒரு பிள்ளையும் வரக் காணோம்.

இந்த எண்ணத்தைக் கிளப்பிவிட்டது, நம்ப மாட்டீர்கள், ஒரு வெளிநாட்டு அறிவியல் புனைகதைத் தொடர். எங்கள் அலுவலகத்தில் பக்கம் கட்டும் தம்பி வற்புறுத்திப் பார்க்க வைத்த 'ஸ்டார்கேட் அட்லாண்டிஸ்'. 2004-இல் தொடங்கி 2009 தொடக்கம் வரை ஓடியது. ஐந்து பருவம், 100 அத்தியாயம். வேறொரு விண்மீன் மண்டலத்தில் கடலுக்கடியில் கிடக்கும் ஒரு பழைய நகரத்துக்குப் பூமியிலிருந்து ஒரு குழு போய்ச் சேருகிறது. கபாடபுரம் கடல்கொண்ட கதையைக் கேட்டு வளர்ந்து, 1964 டிசம்பரில் புயல் தின்ற தனுஷ்கோடியின் மிச்சச் சுவர்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, கடலுக்குள் ஊர் என்பது பெரிய அதிசயமில்லை. என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஊர் இல்லை, ஒரு ஆள். பெயர் ராட்னி மெக்கே. கனடாக்காரர், வானியற்பியலாளர். டேவிட் ஹ்யூலெட் என்ற நடிகர் செய்திருக்கிறார்.

மெக்கே வாயைத் திறந்தால் தற்பெருமை. இந்த அண்டத்திலேயே தன்னைவிட அறிவாளி கிடையாது என்பார். அடுத்த மூச்சில் தனக்கு நெஞ்சு படபடக்கிறது, சாப்பிடாவிட்டால் மயக்கம் வரும், நாமெல்லாம் சாகப்போகிறோம் என்பார். எலுமிச்சை துளி பட்டாலும் உயிர் போய்விடும் என்று ஒவ்வாமை வேறு. நம்மூர்க் கல்யாணப் பந்தியில் இந்த மனுஷனை எந்த இலையில் உட்காரவைப்பது! கூட வேலை செய்கிற ஜெலங்கா என்ற விஞ்ஞானியை மூச்சுக்கு மூச்சு மட்டம் தட்டுவார். அந்த ஜெலங்கா இல்லாவிட்டால் பாதி நாள் இவருக்கு வேலையே ஓடாது என்பது பார்க்கிற நமக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆளின் உள்பக்கம் நமக்குத் திறக்கிறது. சின்ன வயதில் பியானோ கலைஞராக வேண்டும் என்று ஆசை. கை சுத்தமாக ஓடுகிறது, ஆனால் உனக்குக் கலை வராது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அன்றைக்கு விட்டதுதான். அதன்பிறகு அறிவு ஒன்றுதான் சொத்து; அதிலும் தோற்றால் தன்னிடம் எதுவுமே இல்லை என்ற பயம் எந்நேரமும் உள்ளே ஓடுகிறது. அந்தப் பயத்தை மூடத்தான் அத்தனை பெருமையும். இன்னொரு தொடரில், 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1'-இல், ஒரு அத்தியாயத்துக்கு வந்து கதாநாயகியோடு முரண்டுபிடித்து, பார்ப்பவர்களிடம் திட்டு வாங்கிவிட்டுப் போக எழுதப்பட்ட பாத்திரம் இது. அதையே எடுத்து ஐந்து வருஷம் வளர்த்து, கடைசியில் எல்லோரும் நேசிக்கிற ஆளாக்கியிருக்கிறார்கள். அவரைத் திருத்தி நல்லவராக்கிக் காட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. கடைசி வரை அதே பயம், அதே வாய். பயத்தோடேயே வேலையைச் செய்து முடிக்கிறார், அவ்வளவுதான்.

ஒரு அத்தியாயத்தில் அவர் இருந்த சிறு கலம் கடலில் விழுந்து ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. உள்ளே தண்ணீர் ஏறுகிறது. கூட வந்த விமானி நடுக்கதவை மூடி இவரைக் காப்பாற்றிவிட்டு அந்தப் பக்கம் இறந்துபோகிறார். குளிர், இருட்டு, தலையில் அடி. மெக்கேக்கு ஒரு பெண் விஞ்ஞானி எதிரில் நிற்பதுபோல் பிரமை தட்டுகிறது. அந்தப் பிரமை அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: பேசாமல் இரு, உன் ஆட்கள் தேடி வருவார்கள், நம்பு. மெக்கேக்கு அது முடிவதில்லை. எதையாவது கழற்றி, எதையாவது இணைத்து, தானே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாவிட்டால் தனக்காக யாரும் வரமாட்டார்கள் என்றே மனம் அடித்துக்கொள்கிறது. ஆனால் வருகிறார்கள். அவர் எந்நேரமும் மட்டம் தட்டும் அதே ஜெலங்காவும் வருகிறார். இன்ஜின் நின்றுபோன விசைப்படகில் இரவெல்லாம் கிடந்து, கரையில் தேடுவார்களா மாட்டார்களா என்று வெளிச்சம் பார்த்திருந்தவர்கள் நம் வாசகர்களிலேயே நிறையப் பேர் உண்டு. அந்த அத்தியாயத்தை அவர்கள் என்னைவிட நன்றாகப் புரிந்துகொள்வார்கள்.

இனி நம் ஊர்க்காரருக்கு வருவோம்.

கலாமின் தன்வரலாறு 1999-இல் அருண் திவாரியின் துணையோடு ஆங்கிலத்தில் வந்தது. 'அக்னிச் சிறகுகள்' என்று தமிழில் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது. பரிசாகக் கொடுக்கும் புத்தகமாகவே அதைப் பழக்கிவிட்டோம். பிரித்துப் படித்தவர்கள் குறைவோ என்று எனக்குச் சந்தேகம். அதில் வெற்றிக் கதைகளைவிடக் கலக்கக் கதைகளை அவர் மனம்விட்டுச் சொல்லியிருக்கிறார். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். ஸ்வார்ட்ஸ் பள்ளியில் சேர்ந்த பையனுக்கு அந்தத் தூரமே தாங்கவில்லை. வீட்டு ஏக்கம். அம்மா ஆஷியம்மா விதவிதமாகச் செய்யும் போளி கண்ணுக்குள் நிற்கிறது. அங்கே அய்யாதுரை சாலமன் என்ற ஆசிரியர் கிடைத்தார், பிழைத்தார்.

சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமில்லை. அக்கா சொஹ்ரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தப் பணத்தின் கனம் முதுகில் இருக்கும்போதே, தாக்குதல் விமான வடிவமைப்பு வேலை ஒன்றில் பேராசிரியர் சீனிவாசன் வந்து பார்த்துவிட்டு, இது தேறாது என்கிறார். ஒரு மாதம் அவகாசம் கேட்கிறார் மாணவர். அவர் கொடுத்தது மூன்று நாள். திங்கட்கிழமை காலையில் வரைபடம் வராவிட்டால் உதவித்தொகை நின்றுபோகும். அந்த இரவுகளில் சாப்பாட்டையும் விட்டுவிட்டு வரைபலகையோடு கிடந்ததை அவர் எழுதியிருப்பதைப் படித்தால், அதில் வீரத்தைவிடக் கிலிதான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பேராசிரியர் ஓசைப்படாமல் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, தட்டிக்கொடுத்தாராம்.

பிறகு டேராடூன். விமானப்படைத் தேர்வு. சின்ன வயதில் கடற்கரையில் சிவசுப்பிரமணிய ஐயர் பறவையைக் காட்டிப் பாடம் நடத்திய நாளிலிருந்து வளர்த்த ஆசை அது. எம்.ஐ.டி.யில் படிக்கும்போதுகூட மற்றவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகு, காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய விமானங்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்திருப்பாராம். நேர்முகத்துக்கு 25 பேர், இடம் எட்டு. இவர் வந்தது ஒன்பதாவதாக. ஒரு இடத்தில் தவறிப்போவதில் இருக்கும் எரிச்சல், இருபத்தைந்தாவதாக வருவதில் கிடையாது. அங்கிருந்து ரிஷிகேஷ் போய்க் கங்கையில் முங்கி, சிவானந்தரின் ஆசிரமத்தில் போய் நின்றார். ராமேஸ்வரத்துப் பள்ளிவாசல் தெருப் பிள்ளை, மனம் உடைந்த நாளில் ஒரு சாமியாரிடம் போய்த் தன் தோல்வியைச் சொல்லி அழாத குறையாக நின்றிருக்கிறார். இதில் யாருக்கும் எந்த இடைஞ்சலும் இருந்ததாகத் தெரியவில்லை. இப்போதைய நிலவரத்தில் இந்த ஒரு காட்சிக்கே ஏழெட்டு விவாத மேடை கூட்டிவிடுவார்கள்.

நான் அதிகம் பேச விரும்புவது 1979 ஆகஸ்ட் 10 பற்றி.

அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் முதன்முதலாகக் கிளம்புகிறது. திட்ட இயக்குநர் கலாம். கிளம்ப நிமிடக்கணக்கு இருக்கும்போது கணினி நிறுத்திவிட்டது. கட்டுப்பாட்டு அமைப்பில் எங்கோ கோளாறு, போகாதே என்கிறது. கூடியிருந்த நிபுணர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து, பயமில்லை, ஏவலாம் என்கிறார்கள். கலாம் கணினியை ஒதுக்கிவிட்டு ஏவினார். முதல் அடுக்கு நன்றாகவே வேலை செய்தது. இரண்டாம் அடுக்கு கட்டுப்பாட்டை இழந்தது. 317-ஆவது விநாடியில் எல்லாம் முடிந்து, வங்கக் கடலில் போய் விழுந்தது. இந்தக் கதையைப் பிற்காலத்தில் அவரே பல மேடைகளில் சொல்லியிருக்கிறார், கணினி நிறுத்தச் சொன்னது உட்பட.

மெக்கேயின் கதையிலும் இப்படி ஒரு நாள் உண்டு. அழிந்துபோன ஒரு இனம் விட்டுச்சென்ற ஆற்றல் இயந்திரத்தை ஓடவைத்தே தீருவேன் என்று நிற்கிறார். ஜெலங்கா கணக்கில் ஆபத்து இருக்கிறது என்று எச்சரிக்கிறார். பொறாமை என்று சொல்லி மெக்கே அவர் வாயை அடைத்துவிடுகிறார். நண்பன் ஷெப்பர்டிடம் போய், என்னை ஒரு தடவை நம்பு என்று கெஞ்சி அனுமதி வாங்கிக்கொண்டு போகிறார். விளைவு, ஒரு சூரியக் குடும்பத்தில் ஆறில் ஐந்து பங்கு பொசுங்கிப்போகிறது. கற்பனைக்கதை என்பதால் சேதாரத்தில் தாராளம். பிறகு ஒவ்வொருவர் அறையாகப் போய் மன்னிப்புக் கேட்கிறார். ஷெப்பர்டிடம்தான் அது எளிதில் கிடைப்பதில்லை.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது இது. விஞ்ஞானிக்குச் சந்தேகம் வருவதைக் குறை என்று நினைக்கிறோம். ஆனால் இரண்டு இடத்திலும் விபத்து நடந்தது சந்தேகத்தால் இல்லை. சந்தேகத்தை வாயை மூடச் சொன்னதால். கணினி சந்தேகப்பட்டது, ஜெலங்கா சந்தேகப்பட்டார். எந்நேரமும் தன்னைப் பற்றியே சந்தேகப்படுகிற மெக்கே அந்த ஒரு நாளில்தான் தன்னை முழுசாக நம்பினார். ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறவருக்குக் கொஞ்சம் நடுக்கம் இருப்பது நல்லது என்றுதான் நான் சொல்வேன். அந்த நடுக்கம் உள்ளவர்தான் ஒரு திருகாணியை மூன்றாவது தடவை தொட்டுப் பார்ப்பார்.

ஆனால் அந்த நடுக்கம் ஆளையே தின்றுவிடாமல் இருக்க இன்னொன்று வேண்டும். 1979-இல் ராக்கெட் விழுந்த அன்று கலாம் அறைக்குப் போய் அப்படியே கட்டிலில் சாய்ந்துவிட்டார். உடம்பும் மனசும் ஓய்ந்த தூக்கம். சாயங்காலம் ஆகப்போகும் நேரத்தில் தோளில் ஒரு கை பட்டு விழித்தார். விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தின் தலைவராயிருந்த டாக்டர் பிரம்ம பிரகாஷ் கட்டிலோரம் உட்கார்ந்திருக்கிறார். ராக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் போகலாமா என்றுதான் கேட்டார். அவ்வளவு பெரிய உலோகவியல் அறிஞர், அவ்வளவு பெரிய பதவி, தான் பார்க்கவேண்டிய வேலை அன்றைக்கு எவ்வளவு இருந்திருக்கும்! பசியோடு தூங்குகிறவரை எழுப்பிச் சோறு போட வந்திருக்கிறார். பத்திரிகையாளர்களைச் சந்திக்கும் பொறுப்பை இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தானே எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு 1980 ஜூலை 18-இல் அதே எஸ்.எல்.வி-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தபோது, நீயே போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார்.

அந்த வெற்றிக்குப் பிறகும் மனுஷனுக்குக் கூச்சம் போகவில்லை என்பது இதில் ருசியான பகுதி. பிரதமர் இந்திரா காந்தியைப் பார்க்க வரச்சொல்லி தவான் கூப்பிடுகிறார். கலாமின் கவலை காலில் கிடந்த செருப்பும் உடம்பிலிருந்த சாதாரணச் சட்டையும். இப்படியேவா வருவது என்று தயங்கியிருக்கிறார். வெற்றியையே உடுத்தியிருக்கிறீர்களே, அப்புறமென்ன என்கிற பொருளில் தவான் சமாதானம் சொன்னாராம். செயற்கைக்கோளை மேலே அனுப்பியவருக்குச் செருப்பைப் பற்றிக் கவலை. மெக்கே கேட்டிருந்தால் இந்த ஆள் நம்ம ஆள் என்று நாற்காலியை நகர்த்திப் போட்டிருப்பார்.

தொடரின் ஐந்தாம் பருவத்தில் ஒரு அத்தியாயம். ஒட்டுண்ணி ஒன்று தாக்கி, மெக்கேயின் நினைவு நாளுக்கு நாள் உதிர்கிறது. உயிரைவிடப் பெரிதாக நினைத்த மூளை. நடு இரவில் பயந்துபோய் ஷெப்பர்டின் கதவைத் தட்டுகிறார். தன் நினைவில் தான் இருக்கும்போதே விடைபெற்றுக்கொள்ள வேண்டும் என்கிறார். நண்பன் விடைகொடுக்க மறுத்துவிடுகிறான். இரண்டு பேரும் தண்ணீரோரம் போய் உட்கார்ந்து பீர் குடிக்கிறார்கள். மருந்தும் இல்லை, உபதேசமும் இல்லை. பிரம்ம பிரகாஷ் கட்டிலோரம் உட்கார்ந்ததை எழுதிய பக்கத்தைத் தேடி எடுத்து மறுபடி படித்தது இந்த அத்தியாயம் முடிந்த கையோடுதான்.

நம் திரையில் இப்படி ஒரு விஞ்ஞானியை யார் காட்டியிருக்கிறார்கள்? யோசித்துப் பார்த்தால் விரல்விட்டு எண்ணலாம். தமிழ் சினிமா விஞ்ஞானி கடவுளுக்கு அடுத்தவராக இருப்பார், இல்லாவிட்டால் உலகத்தை அழிக்கிறவராக இருப்பார். 'எந்திரன்' வசீகரன், தான் செய்த ரோபோ தன் காதலியின் பிரியத்தை வாங்குவதைப் பார்த்து முகம் சுண்டும் சில நிமிடங்கள் எனக்குப் பிடிக்கும். அதற்குள் சண்டைக்காட்சி வந்து அந்த மனுஷனை விழுங்கிவிடும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' தூர்தர்ஷனில் தொடராக வந்தது. அதில் எல்லோர் மனத்திலும் நின்றது ஜீனோ என்ற இயந்திர நாய். அந்த சுஜாதாவும் நம் கலாமும் திருச்சி ஜோசப் கல்லூரியிலும் எம்.ஐ.டி.யிலும் ஒரே காலத்தில் படித்தவர்கள். கூடப் படித்தவரின் நடுக்கத்தை வைத்து அவர் ஒரு தொடர் எழுதாமல் போனாரே என்று எனக்கு ஆற்றாமை.

சோனி லிவ் தளத்தில் 2022-இலும் 2023-இலும் வந்த 'ராக்கெட் பாய்ஸ்' இந்தித் தொடரில் இளம் கலாம் வருகிறார்; அர்ஜுன் ராதாகிருஷ்ணன் நடித்திருக்கிறார். அது ஹோமி பாபாவையும் சாராபாயையும் சுற்றிய கதை என்பதால் கலாமுக்கு ஓரத்து இடம்தான். அதில் மனப்புழுக்கமும் அவமானமும் கொண்ட விஞ்ஞானியாக நிற்கிறவர் மெஹ்தி ராசா; அவர் கற்பனைப் பாத்திரம். நிஜப் பெயர்களுக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டுக் கலக்கத்தை மட்டும் கற்பனை ஆளின் தலையில் கட்டியிருப்பதாக எனக்குப் பட்டது. உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றினால் எழுதுங்கள், போடுகிறேன்.

விஞ்ஞானி என்றால் டில்லியிலோ பெங்களூரிலோ இருக்கிறவர் என்று இந்தக் கரையில் நாம் நினைக்கத் தேவையில்லை. 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம், பிறகு கொச்சிக்கு மாற்றும் வரை இருந்தது மண்டபம் முகாமில்தான். இன்றும் அதன் மையம் அங்கே நடக்கிறது. கடற்பாசியையும் இறாலையும் கடல் அட்டையையும் ஆராய்கிறவர்கள் நம் பேருந்தில் நம்மோடுதான் தொங்கிக்கொண்டு வருகிறார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், பவளப்பாறையும், கடல்பசுவும் எந்த அறிவியல் புனைகதைக்கும் குறையாத களம்.

ஆகவே ஒரு அறிவிப்பு. டிசம்பர் இதழில் பள்ளி, கல்லூரி மாணவர்கள் எழுதும் அறிவியல் புனைகதைகளுக்குப் பதினாறு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். களம் தொண்டிக்கும் வாலிநோக்கத்துக்கும் இடையில் எங்காவது இருக்கவேண்டும். கடலுக்கடியிலும் இருக்கலாம், அந்தக் கடலுக்கு மேலே வானத்திலும் இருக்கலாம். கதையில் ஒரு விஞ்ஞானி வேண்டும், அவருக்கு ஏதாவது ஒரு பயம் வேண்டும். கதை முடிவதற்குள் அந்தப் பயம் போய்த்தான் ஆகவேண்டும் என்று கட்டாயமில்லை. அவருக்குச் சோறு போட்டு எழுப்புகிற ஒரு ஆளையும் மறக்காமல் சேருங்கள். பெரியப்பாவோ, லாத்தாவோ, டீக்கடைக்காரரோ யாராக இருந்தாலும் சரி. ஆயிரம் வார்த்தைக்குள் முடியுங்கள். கையால் எழுதி அனுப்பினால் போதும், தட்டச்சு செய்துகொள்ள எங்களிடம் ஆள் இருக்கிறது. நவம்பர் 15-க்குள் வந்து சேரவேண்டும். எலுமிச்சை ஒவ்வாமையை மட்டும் கடன் வாங்காதீர்கள். அது ஏற்கெனவே ஒருவருக்கு எழுதிக் கொடுத்தாயிற்று.

அன்புடன்,
ஆசிரியர்